இரவல் பதக்கம்

“மினிட் புத்தகம் ரெண்டையும் எடுத்துக் குடுங்க, மிஸ்டர் ஹாஸ்கெட். முதல் பக்கத்துலேருந்து பார்க்கணும்.”

கேட்டுவிட்டேன். பின்னால் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கையில் ஒரு நாற்காலி பாதி விரிந்தபடி நின்றது. இந்த மன்றத்தில் எதை வேண்டுமானாலும் கேள், பழைய கூட்டங்களில் நடந்ததை எழுதிவைத்த அந்தப் புத்தகங்களை மட்டும் கேட்காதே என்று என் எட்டு வயதிலிருந்து சொல்லி வந்தவள் அவள். ஏன் என்று கேட்டால் “கேக்காதேன்னா கேக்காதே” என்பாள். காரணம் என்று ஒன்று இருப்பதாக அவள் காட்டிக்கொண்டதே இல்லை.

“எதுக்கு கண்ணு அந்தக் கஷ்டம்?” என்றார் ஹாஸ்கெட். “மூணு வரி அட்டைதானே? ‘1880களில் சேர்ந்தார்’னு போட்டுடு.”

“எண்பதுகள்ல எந்த வருஷம்?”

“அது யாருக்குத் தெரியும்?”

“புத்தகத்துக்குத் தெரியும்.”

அவர் சிரித்தார். வெண்டல் ஹாஸ்கெட் கெட்டவர் அல்ல. நாற்பது வருஷம் இரும்புச் சாமான் கடை நடத்தி, அதை விற்றுவிட்டு இந்த மன்றத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர். கூரை ஒழுகினால் ஏணி போட்டு அவரே ஏறுவார்.

எங்கள் ஊர் ஒஹையோ ஆற்றின் வடகரையில் இருக்கிறது. அடிமை முறையை ஒழித்த போரில் சண்டை போட்டுத் திரும்பிய வடக்குச் சிப்பாய்கள் சங்கம் வைத்துக் கட்டிய மன்றம் இது. கடைசிச் சிப்பாய் செத்து எண்பது வருஷம் ஆகிறது. சாமான்கள் மிஞ்சியிருக்கின்றன: மாநாட்டுப் பட்டு நாடாக்கள், தோல் கிழிந்த முரசு, தண்ணீர்க் குடுவைகள், யுத்தகளத்து மரத்தில் கடைந்த, கூட்டத்தில் மேஜையைத் தட்டும் சுத்தியல், போர்க்காலத்து பிஸ்கட் ஒன்று. “என் பொண்டாட்டி டாட்டி பண்ற உருளைக்கிழங்கு சாலட்டை விட இது மெதுவா இருக்கும்” என்று பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஹாஸ்கெட் சொல்வார்.

இவை எல்லாவற்றையும்விட ஊர் பெருமைப்படுவது ஒரு புகைப்படத்தைப் பற்றி. 1896, போரில் செத்தவர்களுக்கான மே மாத நினைவு நாள். மன்றத்துப் படிகளில் நாற்பத்தியோரு பேர் நிற்கிறார்கள். வலது கோடியில் அரையடி தள்ளி நிற்பவர் ஏனோக் மேப்ரி, கறுப்பர் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்தவர், என் அம்மாவின் கொள்ளுத் தாத்தா. அவர் மார்பில் சங்கத்தின் வெண்கல நட்சத்திரப் பதக்கம். பதக்கம் அணிந்தவர் உறுப்பினர். அணியும் உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். அதனால் அந்தக் காலத்திலேயே கறுப்பரைச் சமமாகச் சேர்த்துக்கொண்ட சங்கம் எங்களுடையது என்று ஊர் முடிவு செய்தது. யாரும் அதற்குமேல் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை.

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஊரில் மற்ற இடங்களில் அவள் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நினைவு நாளன்று மட்டும் முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி. ஏனோக் மேப்ரி பெயரைச் சொல்லும்போது மன்றமே எழுந்து நிற்கும். கமிட்டியில் அவளுக்கு ஓர் இடமும் உண்டு. அந்தப் பதக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. என் பாட்டி காலத்தில் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் புதுக் கண்ணாடிப் பெட்டி வந்திருக்கிறது. நடுவில் பதக்கமும் புகைப்படமும். பக்கத்தில் வைக்கும் அட்டையை என்னை எழுதச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான், படித்தது வரலாறு. புத்தகம் அலமாரியில் இருக்கும்போது ‘ஏறக்குறைய’ என்று எழுதக் கூடாது என்பதற்காகத்தான் நான்கு வருஷம் படித்தேன்.

“முதுகு ஒடிஞ்ச புத்தகம். பார்த்துப் புரட்டு” என்று ஹாஸ்கெட் இரண்டையும் கொண்டுவந்து வைத்தார்.

“நீங்க படிச்சதில்லையா?”

“அந்தக் கையெழுத்தையா? எங்க கொள்ளுத் தாத்தா எழுத்து. கோழி கிளறினதே தேவலாம். அவர்தான் செயலாளர்.”

அம்மா பக்கத்தில் வந்தாள். “ரோ, வீட்டுக்குப் போலாம் வா.”

“நீ நாற்காலி போடு, அம்மா.”

“ஏண்டி, நாலு எழுத்து படிச்சிட்டா அம்மா பேச்சு காதுல ஏறாதா?”

நான் புரட்டினேன். எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி. பிரார்த்தனை, நோயில் கிடக்கும் தோழர்கள், புது விண்ணப்பங்கள், வாக்கு. 1884 பிப்ரவரியில் அவர் பெயர் வந்தது. ‘ஏனோக் மேப்ரி, கறுப்பர். படையிலிருந்து விடுவித்த பத்திரம் பார்க்கப்பட்டது, சரியாக உள்ளது. விசாரணைக் குழு பரிந்துரைக்கிறது. வாக்கெடுக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டது.’

நான் வாய்விட்டுப் படித்தேன். ஹாஸ்கெட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“முதல் தடவை சில பேருக்கு அப்படி ஆகும். அப்புறம் சேர்த்துக்குவாங்க.”

1885, நிராகரிக்கப்பட்டது. 1886, அதே. 1888ல் குழுவில் இருந்த மூவரும் அவருக்காகப் பேசியிருக்கிறார்கள், நிராகரிக்கப்பட்டது. அவர் கொண்டுவந்த பத்திரத்தை ஒவ்வொரு முறையும் வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ‘சரியாக உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். 1895 நவம்பர் வரை எண்ணினேன். ஒன்பது.

“ஒன்பதா?” என்றாள் அம்மா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எத்தனை பேரு எதிரா போட்டாங்கன்னு இருக்கா?” என்று ஹாஸ்கெட் கேட்டார்.

“இல்ல. முடிவு மட்டும்தான்.”

“வெள்ளை உருண்டை போட்டா சம்மதம், கறுப்புக் கட்டை போட்டா மறுப்பு. இருபது பேருக்குக் கீழே கூட்டம்னா நிராகரிக்க ஒரே ஒரு கறுப்பு போதும். அதுதான் இங்க வழக்கம்.” அந்தக் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார். “எங்க கொள்ளுத் தாத்தா வெள்ளைதான் போட்டிருப்பாரு.”

“எல்லார் கொள்ளுத் தாத்தாவும் வெள்ளைதான் போட்டிருப்பாங்க. கறுப்பு தானா முளைச்சிருக்கும்.”

“ரோ!” என்றாள் அம்மா.

இரண்டாவது புத்தகத்தில் 1896 மே மாதம் இருந்தது. ‘நினைவு நாள் அணிவகுப்புக்கு மாநிலத் தலைமையிலிருந்து பார்வையாளர் வருகிறார். பக்கத்து ஊர்ச் சங்கங்களில் கறுப்பர் உறுப்பினராக இருப்பதைத் தோழர் ஒருவர் சுட்டிக்காட்டினார். மன்றத்தைப் பெருக்கி அடுப்பு மூட்டும் மேப்ரி, அன்று ஒரு நாள் பதக்கம் அணிய அனுமதிக்கப்படுகிறார். பதக்கம் இரவலாகத் தரப்படும். மாலையில் திருப்பித் தரவேண்டும். ஏகமனதாக நிறைவேறியது.’

இதற்கு ஏகமனது.

ஜூன் மாதம்: ‘மேப்ரி பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. செயலாளர் போய்க் கேட்கவேண்டும்.’ ஜூலை: ‘செயலாளர் போய்க் கேட்டார். பதக்கம் தன்னுடையது என்று மேப்ரி சொல்லுகிறார். மன்றத்தைப் பெருக்க வேறு ஆள் பார்க்கப்படும்.’

அதற்குப் பிறகு அவர் பெயர் இல்லை. அவர் செத்துப்போன 1910 வரை பக்கம் பக்கமாகத் தேடினேன். விண்ணப்பம் இல்லை, வாக்கு இல்லை, அஞ்சலிகூட இல்லை.

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “எங்கம்மா சாகும்போது சொன்னா. அந்தப் பதக்கம் திருட்டுப் பொருள், ஏதோ ஒரு வெள்ளைக்காரர் கோட்டுலேருந்து அவர் கழட்டிட்டு வந்தது, அது புத்தகத்துல எழுதியிருக்குன்னு. குடும்பத்துக்கே கெட்ட பேரு, திருப்பிக் குடுத்துட்டோம், இனிமே கிளறாதீங்கன்னா. வருஷா வருஷம் இவங்க எழுந்து நிக்கிறப்போ நான் அந்த அலமாரியையே பார்த்துக்கிட்டிருப்பேன். யாராவது புத்தகத்தைத் திறந்து, திருடன் பேத்தி முன் வரிசையில உக்காந்திருக்கான்னு சொல்லிடுவாங்களோன்னு.”

இருபது வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு அவள் பேருந்து ஓட்டியிருக்கிறாள். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அப்ப அட்டையில இதையே எழுதிடறேன்” என்றேன். “ஒன்பது தேதி. அப்புறம் இரவல். அப்புறம் அவர் சொன்னது.”

“எழுது. கண்டிப்பா எழுது” என்றார் ஹாஸ்கெட். “திங்கட்கிழமை நினைவு நாளுக்கு மட்டும் வேணாம். குழந்தை குட்டியோட வருவாங்க. அடுத்த மாசம் நிதானமா வைப்போம்.”

“திங்கட்கிழமை என்ன போடுவீங்க?”

“சங்க உறுப்பினர்னு.”

“பொய்யா?”

அவர் எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தவரின் முகம்.

“பொய்யா இருக்க வேணாமே! சங்கத்துச் சொத்து, சட்டதிட்டம், சாசனம் எல்லாத்துக்கும் வாரிசு இந்தக் கமிட்டிதான். கமிட்டியில நானும் உங்க அம்மா லொரெய்னும் இருக்கோம். ரோவீனா, உன்னை இந்த நிமிஷமே சேர்த்துக்கிட்டோம். மூணு பேரானா கூட்டம் செல்லும். இப்பவே வாக்கெடுத்து அவரைச் சேர்த்துக்குவோம். அந்தக் காலத்துல நடந்த தப்பை நாம சரி பண்ணுவோம். அட்டையில தாராளமா உறுப்பினர்னு எழுதலாம்.”

அலமாரியின் மேல்தட்டிலிருந்து வாக்குப் பெட்டியை இறக்கினார். கருவாலி மரம். முன்பக்கம் கை நுழையும் அளவு வட்டத் துளை. உள்ளே முன்தட்டில் வெள்ளை உருண்டைகளும் கறுப்புக் கட்டைகளும் கலந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பின்பக்கத்துத் துளையில் போட வேண்டும். கட்டைக்கு நாலு மூலை உண்டு. கண்ணால் பார்க்காவிட்டாலும் தான் எதை எடுத்தோம் என்பது விரலுக்குத் தெரியும். கை தவறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்த பெட்டி.

ஹாஸ்கெட் கையை விட்டார். உள்ளே உருண்டை உருண்டு ஓடி நிற்கும் சத்தம் கேட்டது. தன் கொள்ளுத் தாத்தாவுக்காகவும் சேர்த்துப் போட்டதுபோல நிமிர்ந்து நின்றார்.

“லொரெய்ன், நீ வா.”

அம்மா எழுந்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அம்மா, போடாதே.”

“ஏன் போடக் கூடாது?”

“இவங்க யாரு அவரைச் சேர்த்துக்கிறதுக்கு?”

“ஆசைப்பட்டது அவருடி. நீ இல்ல, நான் இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே கோட்டைத் துவைச்சுத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, காகிதத்தை மடிச்சு எடுத்துக்கிட்டு வந்திருப்பாரு. ஒன்பது தடவை கேட்ட மனுஷனுக்கு வேணாம்னு சொல்ல நீ யாரு? உனக்குக் கோபம் வந்தா அவருக்கு வாசலை அடைச்சிடுவியா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் கையை விட்டாள். உருண்டை ஓடியது. இரண்டு கண்ணும் நிறைந்திருக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீயும் போட்டுடு, கண்ணு. முடிச்சிடலாம்” என்றார் ஹாஸ்கெட்.

மேஜையில் புத்தகம் திறந்தே கிடந்தது. ஜூலை 1896. அதற்குப் பின் பதினாலு வருஷம். அவர் இதே ஊரில், இந்த மன்றத்துக்கு நாலு தெரு தள்ளி வாழ்ந்திருக்கிறார். பத்திரம் கையில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. பரிந்துரைக்க மூன்று பேர் எப்போதும் இருந்தார்கள். இருந்தும் அவர் வரவில்லை. இவர்கள் தர மறுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், என்னுடையது என்று சொல்லிவிட்டு, கேட்பதை நிறுத்திவிட்டார்.

“அம்மா, பத்தாவது தடவை அவர் கேக்கல” என்றேன்.

“என்னடி சொல்றே?”

“ஒன்பது விண்ணப்பம் இருக்கு. பத்தாவது எங்கே? கேக்காதவருக்கு எப்படி ஓட்டுப் போடுறது?”

“சும்மா ஒரு மரியாதைக்குத்தான், கண்ணு” என்றார் ஹாஸ்கெட். “இப்ப யாரு விண்ணப்பம் பார்க்கப் போறாங்க?”

“அவரோடதை மட்டும் ஒன்பது தடவை பார்த்தாங்களே.”

பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கையை உள்ளே விடும் முன்பே தீர்மானித்தாயிற்று. உருண்டைகள் குளிர்ந்து வழுக்கின. அவற்றை ஒதுக்கினேன். ஒரு கட்டை கிடைத்தது. மூலைகள் தேயவே இல்லை. அதைப் பின் துளைக்குத் தள்ளினேன்.

கட்டை உருளாது. ‘டொக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று பேருக்கும் கேட்டது.

ஹாஸ்கெட்டின் கை, விழுந்தவற்றை எண்ணப் பெட்டியின் அடியில் இருக்கும் இழுப்பறையின் பிடியில் இருந்தது. திறக்கவில்லை. யார் போட்டது என்று கேட்பதும் இங்கே விதிக்கு விரோதம். கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

“ரோ...” என்றாள் அம்மா. திட்டவும் இல்லை, அழவும் இல்லை. என்னைப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அட்டையை இன்னைக்கே அச்சுக்குக் குடுத்துடறேன், மிஸ்டர் ஹாஸ்கெட். ஒன்பது தேதியும் அதுல இருக்கும். நீங்க வைக்கலைன்னா திங்கட்கிழமை நானே வாசல்ல நின்னு குடுப்பேன். அம்மா, நீ முன் வரிசையிலேயே உக்காரு. அவர் திருடல.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மா விரித்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தேன். அச்சகம் ஐந்து மணிக்கு மூடும்.