நெளியாமல் ஒரு படம்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைத்தது என் சான்றிதழ்களால்தான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது என் கால்களால் கிடைத்தது. பிள்ளைகள் எனக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் கூட்டம் நடந்தால் நான் சுவரோரம் நின்றுகொண்டுதான் கேட்பேன். உட்கார்ந்தால் முட்டி ஆடும், முட்டி ஆடினால் மேசை ஆடும், மேசை மேலிருக்கும் தண்ணீர் டம்ளர் ஆடும். கணக்கு டீச்சர் முறைப்பார்.

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு சினிமா விமர்சகர். வெள்ளிக்கிழமை பேப்பரில் 'இந்த வாரம் எந்தப் படம்?' என்று இவர் எழுதுகிற அரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் சனி, ஞாயிறுக்கு எங்கே போவதென்று முடிவு செய்கிறார்கள். இவர் நன்றாயிருக்கிறது என்றால் டிக்கெட் கிடைக்காது. 'இடைவேளைக்கு மேல் இழுவை' என்று எழுதினால் இடைவேளைக்கு மேல் அது சத்தியமாக இழுவையாகத்தான் இருக்கும். எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க என்று விசேஷ வீடுகளில் ஆட்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். இவர் அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் கரெக்டாகச் சொல்வது இவர் இல்லை, என் கால்.

பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். கூட ஒருவரை அழைத்துப் போகலாம். இவர் என்னை அழைத்துப் போவார். வழுக்கையை மறைக்க எப்போதும் போட்டிருக்கும் தொப்பியை விளக்கு அணைந்ததும் கழற்றி மடியில் மல்லாக்க வைத்துக்கொள்வார். சட்டைப் பையில் புதினா மிட்டாய் இருக்கும். படம் ஓடும்போது நான் காலை மாற்றிப் போட்டால் ஒரு மிட்டாய் தொப்பிக்குள் விழும். கைப்பையைத் திறந்து மூடினால் ஒன்று. கொண்டையை அவிழ்த்துக் கட்டினால் ஒன்று. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் தொப்பிக்குள் எட்டிப் பார்ப்பார். மிட்டாய் அதிகமென்றால் படம் இழுவை. அவ்வளவுதான் விமர்சனம். அதற்கு மேல் எழுதுவதெல்லாம் ஜோடனை.

"எத்தனை படம்தான் பாக்கிறது. எனக்கு நாக்கே செத்துப்போச்சு. எது ருசி, எது சப்புன்னு எனக்குத் தெரியல. உன் கால் பொய் சொல்லாது," என்பார்.

இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. எழுதிக் கொடுத்து முடிக்கும்வரை படத்தைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கக் கூடாது. என் வாய் இவர் எழுத்தைக் கெடுத்துவிடுமாம். கால் மட்டும் வேண்டும், வாய் வேண்டாம். நல்ல சம்சாரம்.

அந்த வாரம் மூன்று படங்கள் வந்தன. ஒன்று, பெரிய நடிகர் இரட்டை வேடத்தில் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் படம். செவ்வாய்க்கிழமை பார்த்தோம். தொப்பி வழிந்தது. அடுத்தது, பேய்கள் வாடகைக்கு வீடு தேடும் சிரிப்புப் படம். புதன்கிழமை. பாட்டு வரும் இடங்களில் மட்டும் நெளிந்தேன். மூன்றாவதை வியாழக்கிழமை மதியம் போட்டார்கள். அது என் தம்பி எடிட்டிங் செய்த படம்.

தம்பி எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். படிப்பை முடித்ததிலிருந்து யார் யாருக்கோ உதவியாளாக வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேர் வேறொருவருக்கு, கண் எரிச்சல் இவனுக்கு. இந்தப் படத்தில்தான் முதன்முறையாக அவன் பெயர் தனியாக வருகிறது. தண்ணீர் லாரி ஓட்டும் ஒருத்தி, வீட்டை விட்டுப் போகிற அவள் மகள், அவ்வளவுதான் கதை. நடிகர்கள் எல்லாரும் புதுசு. தியேட்டர்காரர்கள் காலைக் காட்சிகளை மட்டும் போனால் போகிறதென்று கொடுத்திருந்தார்கள். சனி, ஞாயிறு ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள்.

"இது தியேட்டர்ல நின்னாத்தான்கா அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடுவாங்க. இல்லன்னா மறுபடியும் எவன் பின்னாடியாவது போய் உக்கார வேண்டியதுதான்," என்றான் புதன்கிழமை இரவு சாப்பிடும்போது. பிறகு இவர் கை கழுவப் போன நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மாமாகிட்ட நீ ஒண்ணும் சொல்லிடாதே. சிபாரிசெல்லாம் வேண்டாம். நீ பாத்துட்டு வந்து என்கிட்ட உள்ளதைச் சொல்லு. எனக்கு அது போதும்."

தலையை ஆட்டினேன். ஆனால் என் புத்தி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. சிபாரிசு எதற்கு? நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் தொப்பி காலி. தொப்பி காலி என்றால் படம் பிரமாதம். வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்துவிடும். தம்பிக்கு விடிந்துவிடும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் உழைத்த கால் என் கூடப் பிறந்தவனுக்கு ஒரு தடவை உழைக்கக் கூடாதா?

வியாழக்கிழமை காலை மைதானத்தில் பிள்ளைகளை 'அட்டென்ஷன்' என்று நிறுத்தி வைத்துவிட்டு நானும் அவர்களோடு நின்று பழகிப் பார்த்தேன். பிள்ளைகள் வெயிலில் வாடிப்போய் என்னையே பார்த்தார்கள். முதல் வரிசையில் ஒருத்தி, "மிஸ், நீங்க ஆடறீங்க," என்றாள். மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தம்பி வரவில்லை. தன் படத்தைப் பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. விளக்கு அணைந்தது. இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நான் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கைகளை நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தேன்.

ஆடுவது எவ்வளவு சுகம் என்று ஆடாமல் இருந்தால்தான் தெரிகிறது. கொஞ்ச நேரத்திலேயே இடது குதிகாலில் அரிப்பு. அதை விட்டுத்தள்ளினால் முதுகில். அதை மறக்கப் பார்த்தால் காதோரம் ஒரு முடி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திரையில் யாரோ யாரிடமோ கோபமாகப் பேசினார்கள். கதவுக்கு மேல் வெளியே போகும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை விட்டுப்போனபோது மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே ஓரக்கண்ணால் இவர் கையைப் பார்த்தேன். கை சட்டைப் பையின் பக்கமே போகவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலையும் அடக்கிக்கொண்டேன். இடைவேளையில் கூட எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடி உட்கார மனம் வராதென்று பயம்.

விளக்கு எரிந்தது. யாரோ கைதட்டினார்கள். வெளியே நடைகூடத்துக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"தொப்பி காலியா இருந்துச்சு, பாத்தீங்களா?" என்றேன்.

"மிட்டாயே எடுத்துட்டு வரலையே," என்றார் இவர்.

"ஏன்?"

"உன் தம்பி படத்துக்கு உன் காலைச் சாட்சிக்குக் கூப்பிட்டா நியாயமா? நீ பக்கத்துல இருக்கிறதையே மறந்துட்டு நானே பாத்தேன். நானா ஒரு படம் பாத்து ரொம்ப நாளாச்சு." இவர் கண் லேசாகச் சிவந்திருந்தது. "நேரா ஆபீஸுக்குப் போறேன். நீ பேசாதே. வீட்டுக்குப் போ."

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வீடு நெருங்க நெருங்கத்தான் தம்பி கேட்கப்போகிறானே என்ற நினைப்பு வந்தது. படத்தை நினைத்துப் பார்த்தேன். நீல நிற லாரி ஒன்று வந்தது. ஒரு பெண் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. அவ்வளவுதான் தேறியது. மற்றதெல்லாம் அந்தப் பச்சை விளக்கு.

தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னக்கா?" என்றான். உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். பின்னாலேயே வந்தான். மின்விசிறியைப் போட்டேன். அதன் அடியில் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது.

"நல்லா இருந்துச்சுடா," என்றேன்.

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாத்தான். அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. லாரியெல்லாம் அழகாக் காட்டியிருக்கீங்க."

"கடைசில? மக போனப்புறம், அம்மாக்காரி லாரிக்குள்ள தனியா உக்காந்திருப்பாளே. அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மாசக்கணக்காகச் சாப்பாட்டு மேசையில் அவன் அந்தக் காட்சியைச் சொல்லித் தலையைத் தின்றிருக்கிறான். மகள் போன பிறகு அம்மா லாரியில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி விடாமல் அழுவாள். தெருவே திரும்பிப் பார்க்கும்.

"அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதுல இருக்குடா. அங்க நான் அழுதுட்டேன்," என்றேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஹாரன் இல்லக்கா," என்றான். "போன வாரம்தான் வெட்டினேன். டைரக்டரோட சண்டை போட்டு வெட்டினேன். இப்ப அவ சும்மா கண்ணாடியைத் துடைக்கிறா. சத்தமே கிடையாது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் காது மடல் வரை சூடேறியது.

"தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவன் மெல்லக் கேட்டான்.

அதன் பிறகு உள்ளதைச் சொன்னேன். தொப்பி, மிட்டாய், பச்சை விளக்கு, எல்லாவற்றையும். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"தொப்பி சமாச்சாரம் எனக்குத் தெரியும்," என்றான். "மாமா மட்டுமா உன் காலைப் பாக்கிறாரு? சின்ன வயசுல உன் பக்கத்துல உக்காந்துதானே நான் படம் பாக்கக் கத்துக்கிட்டேன். எங்க நீ நெளிவியோ, அங்க படம் தொங்குதுன்னு அர்த்தம். இந்தப் படம் முழுக்க, அக்கா இங்க நெளிவாளா, அங்க நெளிவாளான்னு நினைச்சு நினைச்சுத்தான் வெட்டினேன். ஹாரனையும் அதுக்குத்தான் எடுத்தேன். இன்னைக்கு நீ வந்து, எங்க நெளிஞ்சேன்னு சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. படத்தில் அழுததாகச் சொன்ன பொய்க்கு நடுவீட்டில் உட்கார்ந்து நிஜமாக அழுதேன். அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் பேப்பரில் இவர் எழுதியிருந்தார்: 'இந்த வாரம் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், தண்ணீர் லாரிப் படத்துக்குப் போங்கள்.' தம்பியின் கைபேசி விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மாலைக் காட்சியும் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அவன் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினான். போனை வைத்ததும் சிரிப்பு போய்விடும். "வா, நாளைக்குக் காலைக் காட்சிக்குப் போலாம்," என்று கூப்பிட்டேன். "சரிக்கா," என்றான்.

சனிக்கிழமை காலை ஒருவழியாக டிக்கெட் வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இந்த முறை என் கால் என் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டேன். படம் தொடங்கியது. நல்ல படம். சொந்தத் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த லாரிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு கியர் போடுகிற விதத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளோடு தெருத்தெருவாகப் போனேன். மகளோடு அவள் போட்ட சண்டையில் நானும் மனசுக்குள் சேர்ந்து கத்தினேன். கால் இருக்கிற நினைப்பே எனக்கு இல்லை.

இடைவேளைக்குப் பிறகு, மகள் பெட்டியில் துணிகளை அடுக்கும் காட்சி. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து வைக்கிறாள். அம்மா கதவோரம் நிற்கிறாள். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வலது கால் முழுக்க மரத்துப்போயிருப்பது தெரிந்தது. தாங்க முடியாமல் நகர்த்திக் காலை மாற்றிப் போட்டேன்.

தம்பி திரும்பினான். இருட்டில் அவன் முகம் என் பக்கம் இருந்தது. இத்தனை நேரமும் அவன் திரையைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"இங்கயாக்கா?" என்று காதோரம் கேட்டான்.

"இல்லடா. கால் மரத்துப்போச்சு."

"பரவாயில்ல. உள்ளதைச் சொல்லு."

"சத்தியமா மரத்துப்போச்சுடா. காட்சி நல்லா இருக்கு."

அவன் சரி என்று தலையாட்டினான். என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தான். பிறகு திரும்பித் திரையைப் பார்த்தான். மகள் துணி மடித்து முடிக்கும்வரை அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.