தொட்டிலுக்கு இடம்

மாமனாரின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் பானு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பழவேற்காட்டிலிருந்து அவள் அம்மா சம்பூர்ணம் வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த சம்பந்தி அன்புராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள், அடுத்த நொடி மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"எழுந்துரு. ஆட்டோவ நிக்க வெச்சிருக்கேன். நெற மாசத்துல சாவு ஊட்ல உக்காந்துக்கினு இருப்பியா? மாப்ள, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

எட்வர்ட் சுவரில் சாய்ந்து நின்றான். காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தவன்தான் அப்பா மூச்சில்லாமல் கிடந்ததை முதலில் பார்த்தான். கம்பெனிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

இந்துக் குடும்பத்திலிருந்து கல்யாணமாகி வந்த பானுவை அன்புராஜ் ஒரு நாளும் மாதா கோவிலுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. இந்த வருஷம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தட்டில் நாலு மெழுகுவத்தி நட்டு ஒன்றை மட்டும் ஏற்றியபோது அவளாகத்தான் கேட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தினி நாள் கெடக்குது. இப்பவே இன்னாத்துக்கு மாமா?"

"வரப்போறவருக்கு எடம் பண்ணி வெச்சிட்டுக் காத்துக்கினு இருக்கணும்மா. அதுக்குத்தான் இந்த நாலு வாரம்."

மறுநாளே தன் கட்டிலை உள்ளறையிலிருந்து கூடத்துக்குப் போடச் சொன்னார்.

"உனுக்கே மூச்சு எரைக்குது. கூடத்துல பனி அடிக்கும்பா" என்றான் எட்வர்ட்.

"தொட்டிலு எங்க கட்டுவ? கொக்கி அந்த ரூம்லதான கீது. உன்னியும் அதுலதான் போட்டு ஆட்டுனோம்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் பானுவிடம் ஒரே கேள்விதான். "இன்னிக்கு இன்னா பண்ணுச்சு?" புரண்டது, விக்கல் எடுத்தது என்று அவள் சொல்லுவாள். ஊருக்குப் போன பிள்ளையின் சேதி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். "வரட்டும், வரட்டும். மெதுவா வரட்டும்" என்பார். டாக்டர் கிறிஸ்மஸ் கழித்து நாள் சொல்லியிருந்தார். போன ஞாயிறுதான் இரண்டாவது மெழுகுவத்தியை ஏற்றினார்கள்.

"வாடி" என்றாள் சம்பூர்ணம்.

பானு எழுந்திருக்கவில்லை. சட்டையின் காலரை நேராக இழுத்துவிட்டாள்.

"இந்தக் கொழந்த மொகத்தப் பாக்கணும்னு காத்துக்கினு இருந்த மனுசன்மா. இப்ப நான் எழுந்து போனா அதுவும் என்கூட வந்துடும். அவரு தனியாக் கெடப்பாரு. அடக்கம் முடியற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."

எட்வர்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பெனிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தான்.

சம்பூர்ணம் பிடித்திருந்த முழங்கையை விட்டுவிட்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் பானு நினைத்தாள். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். கட்டிலையொட்டிப் போட்டு மகளை அதில் உட்காரவைத்தாள்.

தெருப் பெண்கள் வந்து ஜெபம் தொடங்கினார்கள். சம்பூர்ணத்துக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பானுவின் வீங்கிய பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.