சாயம் போகாத பேச்சியம்மாள்

திங்கட்கிழமை காலை பேச்சியம்மாளின் தாகம் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

தண்ணீர் கேட்டு வந்தவர்களை யாராவது வாசலோடு அனுப்புவார்களா? பக்கத்து வீட்டு முத்துமாரி சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். தாகம் உதடு படாமல் அண்ணாந்து குடித்தது. நல்ல வளர்ப்பு என்று முத்துமாரி மெச்சினாள்.

பேச்சியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்கு வா."

"வந்தா?"

"கடைக்குப் போவோம்."

"அதுக்குத்தான் வரல," என்றது தாகம். "காலையில கேட்டா மத்தியானம்ங்கிற. மத்தியானம் கேட்டா வீட்டுக்குப் போயிங்கிற. வீட்டுக்கு வந்தா தூங்கிர்ற. நான் என்ன கல்லா?"

நியாயமான கேள்வி வந்தால் பேச்சியம்மாள் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அன்றும் பிடித்தாள்.

அவளுக்கு ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், காட்டன் புடவைப் பிரிவில் வேலை. உட்கார ஸ்டூல் கிடையாது. பாத்ரூம் உண்டு. அது ஒரு காரிடாரின் கடைசியில் இருந்தது. வாடிக்கையாளர் நடந்தால் நாலே எட்டு. வேலை பார்க்கும் பெண்கள் நடந்தால் காரிடார் நீளும். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கட்டடம் அப்படி. பக்கத்து கவுண்டர் ஜெசிந்தா ஒருமுறை ஆடித் தள்ளுபடியின்போது போனவள், தீபாவளிக் கூட்டத்தில்தான் திரும்பி வந்தாள். "என்ன இவ்வளவு நேரம்?" என்று சூப்பர்வைசர் தனசேகர் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. அதிலிருந்து அந்த மாடியில் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்?

தாகம் போனதும் முதல்நாள் சுகமாகத்தான் இருந்தது. செவ்வாயன்று உதடு வெடித்தது. புதனன்று தலை கிறுகிறுத்தது, மின்விசிறி அடித்த பக்கமெல்லாம் மடிந்தாள். வியாழனன்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே நெசவாகிவிட்டாள். சிவப்பு உடல், மாம்பழ மஞ்சள் கரை. கஞ்சி போட்டதுபோல மொடமொடவென்று இருந்தாள். ஜெசிந்தாதான் அவளை மடித்து அலமாரியில் வைத்தாள். கசங்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து மடித்தாள்.

"மூச்சு முட்டுதாக்கா?"

"முந்தானப் பக்கம் கொஞ்சம் இழுத்து விடு."

அலமாரிக்குள் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. இன்றைக்கு விற்றுப்போனால் யார் வீட்டு பீரோவிலோ பாச்சை உருண்டையோடு கிடக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள், அம்மாவை எந்த பீரோவில் என்று தேடுவாள்? அழுகை வந்தது. கண்ணீருக்குத்தான் வழியில்லை.

மதியம் கோவில்பட்டிப் பக்கமிருந்து குருவம்மாள் என்றொரு அம்மாள் வந்தார். சம்பந்திக்குப் புடவை எடுக்க வேண்டுமாம். கவுண்டர் மறையும் அளவுக்கு விரிக்க வைத்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் தனசேகர் பேச்சியம்மாளை உருவி உதறி விரித்தார்.

"புது வரவு மேடம். ஒரே பீஸ்தான் இருக்கு."

குருவம்மாள் கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அவ்வளவு பயத்திலும் பேச்சியம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். விற்பனைக்கு இருக்கும் பொருள் சிரிக்கக் கூடாது.

"சாயம் போகுமா?"

"போகவே போகாது மேடம்."

"எல்லாக் கடையிலயும் இதத்தான் சொல்றாக. தண்ணி கொண்டாங்க. நனச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

தனசேகர் தன் சொந்த பாட்டிலை எடுத்து வந்தார். குருவம்மாள் அதை முந்தானை நுனியில் சாய்த்தார். சாயம் இறங்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரும் கீழே இறங்கவில்லை.

"என்னப்பா, குடிச்சுருச்சு?"

"காட்டன்ல மேடம். கொஞ்சம் இழுக்கும்."

"இன்னும் கொண்டா."

பாட்டில் போய் சொம்பு வந்தது. சொம்பு போய் கேன் வந்தது. லிஃப்ட் தனசேகரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், கேனைத் தோளில் வைத்து அவர் படியேறினார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அது அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அடுத்த கேனுக்குப் பின்னாலேயே தாகமும் படியேறி வந்தது. முத்துமாரி வீட்டில் நன்றாகக் கொழுத்திருந்தது. பேச்சியம்மாளைப் பார்த்ததும் அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பிடியா ஆயிட்ட நீ?"

"வந்துரு. இனிமே நிக்க வைக்க மாட்டேன்."

"சரி, நகரு," என்று சொல்லி உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டது.

உடனே தொண்டை எரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அந்த எரிச்சலில் பேச்சியம்மாளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! கேனைத் தூக்கி அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். மடிப்புகள் உப்பின. முழங்கை வந்தது. மூக்குத்தி வந்தது. கவுண்டர் மேலேயே எழுந்து உட்கார்ந்து பெரிதாக ஏப்பம் விட்டாள்.

"சாயம் கெட்டிதான்," என்றார் குருவம்மாள். "பில் போடுங்க."

"மேடம், இது எங்க ஸ்டாஃப்."

"விரிச்சுக் காட்டுனது நீங்கதான?"

பேச்சியம்மாள் கவுண்டரிலிருந்து குதித்தாள். குடித்த தண்ணீரெல்லாம் வழி கேட்டது.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் தனசேகர்.

"பாத்ரூமுக்கு சார்."

"கூட்ட நேரத்துலயா?"

இதைக் கேட்டதும் காரிடார் சோம்பல் முறித்து நீளத் தயாரானது. குருவம்மாள் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எடுத்த சேல, எங்கூடத்தான் வரும். எனக்கும் அவசரந்தேன்."

வாடிக்கையாளர் எடுத்த சேலைக்கு நீளலாமா கூடாதா என்று காரிடாருக்கு விளங்கவில்லை. விழித்துக்கொண்டே நாலு எட்டில் நின்றுவிட்டது. இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாகப் பேச்சியம்மாள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாள். வெளியே வந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். காற்றில் பறக்காமல், தன் கனத்தோடு நடந்தாள்.

"சம்பந்திக்கு வேற பாத்துக்கிறேன்," என்றார் குருவம்மாள். "நீ வீட்டுக்குப் போ தாயி. பிள்ள தேடும்."

அவர்கள் திரும்பி வந்தபோது மாடியில் ஒரு பெண்ணும் நின்றுகொண்டிருக்கவில்லை. ஜெசிந்தா கிளிப்பச்சையில் கவுண்டர் மேல் விரிந்து கிடந்தாள். பில் போடுகிற சரோஜினி நீலக் கட்டம். பட்டுப் பிரிவிலிருந்தும் நைட்டிப் பிரிவிலிருந்தும் வந்து வரிசையாக, மொடமொடவென்று, படுத்திருந்தார்கள்.

"அம்மா," என்றாள் ஜெசிந்தா மடிப்புக்குள்ளிருந்து. "எனக்கும் சாயம் போகுமான்னு ஒருவாட்டி பாத்துருங்கம்மா."

குருவம்மாள் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஏம்ப்பா," என்று தனசேகரைக் கூப்பிட்டார். "கேனெல்லாம் பத்தாது. லாரிய வரச் சொல்லு."