கொல்லையில் நிற்கும் எர்த்

ராசிங்காபுரத்தில் கருத்தம்மா வீட்டுக் கரண்டுக்கு எர்த்தாக இருப்பவன் அவளுடைய கொழுந்தன் கன்னையன். எட்டு வருடமாகக் கொல்லையில் நிற்கிறான். காலையில் கருத்தம்மா கொல்லைச் சுவருக்கு மேலாக ஒரு குடம் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றுவாள். பாசமெல்லாம் கிடையாது. மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் வீரணனும் தம்பி கன்னையனும் பாகம் பிரித்தது எழுபத்தெட்டில். நடுக்கொல்லையில் சுவர் எழுந்தபோது, உப்பும் கரியும் கொட்டி எர்த் கம்பி இறக்கியிருந்த குழி தம்பி பக்கம் போய்விட்டது. வீட்டில் கசியும் கரண்டு மண்ணுக்குள் போக இருந்த ஒரே வழி அதுதான். கன்னையன் முதலில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான். பிறகு கம்பியையே வெட்டிப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றான். வீரணனாவது விவரமானவனா? பீஸ் அடிக்கடி போகிறதென்று பீஸ் கட்டையில் வேலிக் கம்பியை முறுக்கி வைத்தான், அதன்பின் எது கசிந்தாலும் பீஸ் போகவில்லை. ஆனியில் மலைச்சாரல் இறங்கிச் சுவர் ஊறியதும், எலி கடித்த வயரிலிருந்து கிளம்பிய கரண்டு வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கியது. சில நாள் செம்புப் பானையில் இருந்தது, சில நாள் எருமைக் கொம்பில் இருந்தது, ஆடி பிறந்தபோது கருத்தம்மாவின் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூலிக்குத் தரம் பிரிக்கும்போது முறத்தில் கை வைத்தால் ஏலக்காய் தானே துள்ளிப் பச்சை ஒரு பக்கம், வெளுப்பு ஒரு பக்கம் விழுந்தது. அதை ஊர் மெச்சியது. ஆனால் கைக்குழந்தை முனியாயியைத் தூக்கினால் பிள்ளை விறைத்து வீறிட்டது. பால் கட்டி அவள் மார் கல்லானது. புட்டிப்பால் சேராமல் பிள்ளை எலும்பும் தோலுமானது. கருத்தம்மா ரோஷத்தை விழுங்கிவிட்டுக் கொழுந்தன் வாசலில் போய் நின்றாள்.

"புள்ளைக்குப் பால் குடுக்க முடியல கொழுந்தனாரே. குழியில மறுபடி கம்பியப் போட்டு ஒரு கொடம் தண்ணி ஊத்திக்கிறோம்."

"மண்ணு எம்பங்கு மதினி. ஒங்க வீட்டுக் கரண்டு இதுல எறங்கக் கூடாது. தண்ணி ஊத்துன கைய ஒடிச்சிருவேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். மறுநாள் கம்பி இறக்குமுன் குழியை நனைக்க அவள் மர முக்காலியில் ஏறிச் சுவருக்கு மேலாகக் குடத்தைக் கவிழ்த்தபோது, வெறுங்காலோடு ஓடிவந்து குழியின் ஈர மண்ணில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவளுக்குள் சேர்ந்திருந்த கரண்டு மொத்தமும் அவன் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. அவன் சாகவில்லை. பாதம் மட்டும் மண்ணைவிட்டு எழும்பவில்லை. கருத்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை வயிறு முட்டக் குடித்தது. கொழுந்தன்மேல் அவளுக்குத் துளி இரக்கமும் வரவில்லை.

காய்ந்த கட்டையால் நெம்பிப் பார்த்தார்கள், அசையவில்லை. போடியிலிருந்து வந்த வயர்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல எர்த்தை யாரும் கலைக்க வேண்டாமென்று சொல்லி, வீட்டுக் கம்பியை இழுத்து வந்து அவனுடைய வெள்ளி அரைஞாண் கொடியில் முறுக்கினார். கன்னையன் பெண்டாட்டி அய்யம்மாள் பஞ்சாயத்தைக் கூட்டினாள். அவன் தன் பங்கு மண்ணில்தானே நிற்கிறான், இதில் என்ன வழக்கு என்று கலைந்துவிட்டார்கள். அதிலிருந்து அவள் மரத்தட்டில் சோறு நீட்டுகிறாள். அவன் தின்றுவிட்டு மதினியை வைகிறான். சாரல் காலத்தில் வசவு கூடும், கோடையில் குறையும்.

எண்பத்தாறில் வீரணன் மாவாட்ட கிரைண்டர் வாங்கினான். மாட்ட வந்த புது வயர்மேன், "எர்த் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு. கொல்லையில நின்னு வஞ்சுக்கிட்டு இருக்கு" என்றாள் கருத்தம்மா.

வயர்மேன் காதுகொடுத்துக் கேட்டார். வசவு திடமாக இருந்தது. மூன்று முனை பிளக்கைச் சொருகினார்.