பல் பட்ட ஊசி

நோபேட் மீன் வைத்த மாலுபானைத் தின்று, பிளேன்டீயைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். வழக்கம்போல இன்றைக்கும் எங்கள் படியேறப் போவதில்லை. வாங்கிக் கொடுத்த வயிற்றெரிச்சல் எனக்கு.

போதைத்தூளான குடுவை ஊசியில் ஏற்றுகிறவர்களைத் தேடிப்பிடித்து, ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறதா என்று இரத்தம் பார்க்கக் கூட்டிவருவது என் வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அறை. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம். காசில்லை, பொலிசில்லை, பெயர்கூடக் கேட்பதில்லை. இதை நான் ஒப்பிக்கத் தொடங்கினால் தெருக் காகங்களும் கூடச் சேர்ந்து சொல்லும். அவ்வளவுக்கு அலுத்துவிட்டது.

நோபேட்டின் கூட்டாளி சப்ரி ஏற்கெனவே பார்த்துவிட்டான். அவனுக்கு இருந்தது. ஈரல் கெடுமுன் மூன்று மாதம் குளிசை போட்டால் நோய் மாறிவிடும் என்றார் டொக்டர். குளிசைப் போத்தலும் வந்து என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அவன்தான் தொடமாட்டேன் என்கிறான். இருவருக்கும் ஒரே ஊசி.

"நான் மட்டும் சுகமாகி என்ன மிஸ்? அவனுக்கும் இந்த வருத்தம் ஈந்தா திரும்ப எனக்குத்தானே வரும். அவன் பாக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்டாப் போடுறோம்."

டொக்டர் ஏசிப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன். சப்ரி மெலிந்துகொண்டே போனான். ஆனாலும் விடாமல் நோபேட்டை எங்கள் எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைவரை இழுத்துவருவான். அதற்கு மேல் நோபேட் வரமாட்டான்.

இன்றைக்கும் சப்ரி மேலே அறையில் காத்திருந்தான். நான் தேத்தண்ணிக் கடை வாசலில் நோபேட்டை மறித்தேன்.

"உனக்கு என்னத்துக்கடா இவ்வளவு பயம்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "அவனுக்கு முதல் ஊசி போட்டது நான்தான் மிஸ். என்ட ஊசியால. எனக்கும் இருந்தா, நான்தானே குடுத்திருக்கிறன். பாக்காட்டி தெரியாதுதானே."

நோய் இருக்கிறது என்று வந்தாலும், யார் யாருக்குக் கொடுத்தது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதையும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஆனால் வெயில், புழுதி, காலையிலிருந்து அலைந்த அலைச்சல். வாய் தவறிவிட்டது.

"அப்ப குடுத்தியோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும். இப்ப அவன்ட மருந்தை மறிச்சுக்கொண்டு நிக்கிறது நீ. அது எனக்கே தெரியும்."

சொன்ன உடனே என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. இந்த வேலையில் அப்படிப் பேசக் கூடாது. நோபேட் என்னைத் தாண்டி நடந்தான். வீதியைக் கடந்து படியேறினான்.

விரலைக் குத்தினேன். நோய் பட்டிருந்தால் சோதனைப் பட்டியில் இரண்டு கோடு வரும். ஒன்று வந்தது. மற்றதற்காக மூன்று பேரும் குனிந்து காத்திருந்தோம். வரவே இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"உனக்கு இல்லை நோபேட்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "நான் குடுக்கேல்ல மச்சான். நான் குடுக்கேல்ல."

"நான் எப்பயாச்சும் கேட்டேனாடா?" என்று சப்ரி அவன் முதுகைத் தட்டினான். தட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. "அப்ப மிஸ், இனி என்ட ஊசியால இவனுக்கு வருமா?"

"வரும். இதுவரைக்கும் தப்பினது இவன்ட நல்ல காலம். இப்ப கிட்டடியில தொத்தியிருந்தா இதில தெரியாது. கொஞ்ச மாதத்தால திரும்ப வந்து பாக்கவேணும்."

சப்ரி இறங்கிப் போனான். ஜன்னலால் பார்த்தேன். மூலையில் உள்ள பாமசியில் நின்று, உம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் ஊசி வேணும் அய்யே என்று சிங்களத்தில் அவன் கெஞ்சுவது மேலேவரை கேட்டது. இவர்களைக் கண்டாலே விரட்டுகிற கடை அது. எங்கள் அறையிலும் ஊசி கொடுக்க அனுமதியில்லை. கடைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். கடைசியில் கொடுத்துவிட்டான்.

இரண்டு ஊசியோடு மேலே வந்தான் சப்ரி. ஒன்றைப் பிரித்து, அதன் பின்முனையைக் கடைவாயில் வைத்து அழுத்திக் கடித்தான். நோபேட்டின் பெருவிரலைப் பிடித்து அந்தத் தடத்தில் வைத்தான்.

"தடவிப் பாரு. பல்லு பட்டது என்ட. மயக்கத்தில ஈந்தாலும் தடவிப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும். தடம் ஈந்தா தொடாத."

விட்டுவிடுங்கள் இந்தப் பழக்கத்தை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெம்பில்லை. "ஊசி மட்டும் பிரிச்சாக் காணாது சப்ரி. குடு கரைக்கிற கரண்டி, தண்ணி எல்லாம் வேற வேற" என்றேன்.

"அப்ப கரண்டியையும் கடிக்கிறேன்" என்றான். இருக்கிற நாலைந்து பல்லும் ஆட்டம் கண்டவன்.

நோபேட் இன்னமும் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். சப்ரி என் பக்கம் கையை நீட்டினான்.

"குளிசையத் தாங்க மிஸ். நான் தனியவே போடுறேன்."