தலையாட்டி

நீதிமன்றக் கடிதம் வந்த அன்று நான் வாய் ஓயாமல் திட்டினேன். நான் கேட்டேனா? விண்ணப்பம் போட்டேனா? ஆள் போதாது என்று நகரசபை பதிவேட்டிலிருந்து பெயரை இழுத்து, டுசல்டோர்ஃபில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிற கமலநாயகி என்ற என்னை ஐந்து வருடத்துக்கு ஷெஃபின் ஆக்கிவிட்டார்களாம். ஷெஃபின் என்றால் நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்து, குற்றவாளியா இல்லையா என்று அவருக்குச் சமமாக வாக்குப் போடுகிற சாதாரண ஆள்.

"போகாட்டி ஆயிரம் யூரோ வரைக்கும் தண்டம் அடிப்பாங்களாம்," என்றார் என் மனிசன் ஞானசுந்தரம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு. "உன்னால வாற செலவும் உன்ர தலையிலதான். போனா மணித்தியாலத்துக்கு ஏதோ தருவினம், விடுபட்ட சம்பளமும் தருவினம். பேசாமல் போயிட்டு வாவன்."

"உங்களுக்கென்ன, நீங்களே அங்க போய்த் தலையாட்டப் போறியள்?"

எங்கள் வீட்டில் என் முன்னால் யாரும் தலையாட்டுவதில்லை. சம்மதம் என்றால் வாயைத் திறந்து ஓம் என்று சொல்லவேண்டும்.

ஊரில் அப்போது எனக்குப் பதினாலு வயது. ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் தலை மூடிய ஒருவன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்கு. தலையாட்டினால் லொறிக்கு. அவனைப்போன்ற ஆட்களுக்கு எங்கள் சனம் வைத்த பெயர்தான் தலையாட்டி. என் கூடப்பிறந்த கோபாலண்ணை முன்னால் போனபோது சாக்கு ஒருக்கால் ஆடியது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அண்ணை திரும்பி வரவேயில்லை. இன்றைக்கும் குசினிக்கு உருளைக்கிழங்குச் சாக்கு வந்தால், பைத்தியக்காரி மாதிரி அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

விலக்குக் கேட்டு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். காரணம் என்ன என்றாள் அங்கிருந்த பெண். தலையாட்டிக்கு ஜெர்மன் சொல்லுக்கு எங்கே போவேன்? தலை கொப்ஃப், ஆட்டுவது நிக்கன். நானே ஒட்டவைத்து, "கொப்ஃப்னிக்கரால்தான் எனக்கு ஏலாது," என்றேன். அவள் பரிதாபப்பட்டுத் தன் கழுத்தைத் தடவினாள். ஐயோ, இவர்களுக்கு அது கழுத்துத் தசை ஒன்றின் பெயராம்! "வைத்தியரிடம் கடிதம் வாங்கி வாருங்கள், வசதியான கதிரை போட்டுத் தருவோம்," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விளங்கப்படுத்த வாய் வராமல் திரும்பி வந்தேன்.

வழக்கு நாளன்று குற்றம் சாட்டப்பட்ட பொடியன் ஒரு நீலக் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வந்தான். பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுக்க நின்றான். ஊரில் முகம் மூடியவன் தீர்ப்புச் சொன்னான். இங்கே முகம் மூடியவன் தீர்ப்புக்காக நிற்கிறான், மேலே முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பது நான்.

கியோஸ்க் என்கிற பெட்டிக்கடை ஒன்றில் களவு. கடைக்காரரைப் பின்னாலிருந்து தள்ளி விழுத்தியதில் அவர் யாரையும் காணவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான் சாட்சி.

"நீங்கள் கண்டது இவரைத்தானா?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் பொடியனைப் பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள்.

"சாட்சி தலையாட்டுகிறார்," என்று நீதிபதி எழுதுகிறவரிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணின் தலை இருந்த இடத்தில் சாக்கு இருந்தது. சத்தியமாகக் கண்டேன். இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் கண். பொடியன் நின்ற இடத்தில் யார் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஷெஃபினுக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. கையைத் தூக்கினேன். நீதிபதி ஆச்சரியத்தோடு அனுமதி தந்தார்.

"வாயால் சொல்லுங்கள்," என்றேன். "இவருடைய முகத்தை எங்கே கண்டீர்கள்?"

"பொலிஸ் காட்டிய படத்தில்."

"அன்றைக்கு, உங்கள் யன்னலால் பார்த்தபோது?"

அவள் கைப்பையைப் பிசைந்தாள். "அன்றைக்கு அவர் ஓடினார். முதுகுதான் தெரிந்தது."

பிறகு நீதிபதி, என்னைப்போல இன்னொரு சாதாரண ஆள், நான், மூவரும் உள்ளே போய்க் கதைத்ததைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது என்பது சட்டம். நானும் விடமாட்டேன். எல்லோருக்கும் கேட்க வாசித்ததை மட்டும் சொல்லலாம்: விடுதலை. அவன் செய்தானோ இல்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்து அழுதேன். ஞானசுந்தரம் பயந்துபோனார்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"அண்டைக்கு அந்த மைதானத்தில எவ்வளவு சனம் நிண்டது. ஒரு ஆளெண்டாலும், வாயால சொல்லடா, எங்க கண்டனீ எண்டு கேட்கேல்லையே! கேட்டிருந்தாச் சுட்டிருப்பாங்கள், தெரியும். எண்டாலும் கேட்கேல்லையே!"

அவர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அடுத்த வழக்கு மார்ச்சில. போகாமல் விடன். தண்டம்தானே, நான் கட்டிறன்."

"தண்டம் கிடக்கட்டும். நான் போகாட்டி அந்தக் கதிரையில ஆர் வந்து இருப்பினம்? எல்லாத்துக்கும் சும்மா தலையாட்டிற ஒராளெண்டா?"

அவருடைய தலை அசையப் பார்த்தது. அடக்கிக்கொண்டு என்னை நேரே பார்த்தார்.

"ஓம்," என்றார், வாயால்.