ஹிட் பாட்டுகள் மட்டும்

"பெட்டிய இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்கப்பா, ஸ்பீக்கர் வைக்கணும்" என்று பட்டறை ஃபோர்மேன் சொன்னபோது, மகள் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் காலருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் பாதியில் நின்றன.

"ஸ்பீக்கர் எதுக்கு மாமா?"

"நல்லாக் கேட்ட போ! உங்கப்பன் பாட்டு இல்லாம வாசப்படி தாண்டுவானா? வண்டி வந்ததும் போட்டுவிடணும்."

அப்பா டிங்கர். மோதி நசுங்கி வரும் கார்களின் ஒடுக்கைத் தட்டி எடுப்பவர். பெயிண்ட்டில் ஒரு கீறல் விழாது. அப்படி ஒரு கை என்று பட்டறையில் பெயர். நேற்று ஒரு கார்க் கதவின் முன்னால் சுத்தியலோடு குந்தியிருந்தவர், யாரோ தள்ளிவிட்டது போலப் பக்கவாட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். அந்தச் சுத்தியலைத் துடைத்து எண்ணெய் போட்டு, பட்டறைக்காரர்கள் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்திருந்தார்கள்.

ஃபோர்மேன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். அட்டையில் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்ட நான்கு பாடகர்கள். மேலே தங்க எழுத்தில் ‘எல்லா ஹிட்டும் ஒரே தொகுப்பில்’.

"இது பட்டறையில இருக்கிறது. வீட்டுக்கும் ஒண்ணு நான்தான் வாங்கிக் குடுத்தேன், அவன் பிறந்த நாளுக்கு."

"பெரிய தொகுப்பு" என்றார் பட்டறையின் பெயிண்டர். "அவங்களோட ரயில் பாட்டு இருக்கா இதுல? அது இல்லாம என்னய்யா ஹிட்டு?"

"சாவு வீட்லயும் இவன் ரயில விடமாட்டான். மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

மகளின் கணவன் சங்கடமாகச் சிரித்தான். "நான் இவங்க பாட்டு ஒண்ணுகூடக் கேட்டதில்லைங்க."

"டிங்கர் மருமகன் வாயில வர்ற பேச்சா இது? வெளிய சொல்லாதீங்க. புதுசாக் கேக்கறவருக்கு இதுதான் சரி. ஆல்பம் ஆல்பமாப் போனா நடுவுல இழுவைப் பாட்டெல்லாம் வந்து தூங்க வச்சிரும். இதுல அந்தப் பேச்சே கிடையாது. எடுத்த எடுப்பிலேயே வேகம், கடைசி வரைக்கும் வேகம்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாடிவீட்டு அக்காவும் தலையாட்டினாள். "இந்த வீட்ல எப்பவும் பாட்டுச் சத்தந்தான். உங்கம்மா கொடுத்து வச்சவன்னு நினைச்சுக்குவேன்."

மகள் கணவனின் முழங்கையைப் பிடித்து ஒதுக்கினாள். "பாட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"அவங்க ஆசையாக் கொண்டு வந்திருக்காங்க. ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

கட்டிக்கொண்டவனிடமே இத்தனை நாளும் அவள் வாய் திறந்ததில்லை. ‘இந்தச் சுவருக்கு வெளிய ஒரு வார்த்தை போச்சு, நான் உசிரோட இருக்க மாட்டேன்’ என்று அம்மா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். காரணத்தைச் சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் பாட்டு வரும்.

"அம்மாவுக்குத் தலைவலி மாமா. இன்னிக்கு விட்டுருங்க."

"மெதுவா வச்சுப் பாத்துக்கறேன். ஓடுதான்னு பாக்க வேண்டாமா?" என்றபடியே ஃபோர்மேன் சிடியைப் பிளேயரில் சொருகிப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

மெதுவாக வைக்கிற பாட்டில்லை அது. டிரம் நான்கு தடவை இடித்தது; டிரம்பெட் வீறிட்டது; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மகள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அம்மா டீக் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்டதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, ஃபிரிட்ஜின் மேல், தட்டுப்படாத மூலையில் தள்ளி வைத்தாள். பிறகு ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டாள். பக்கத்தில் யாருமே இல்லை. பால் பொங்குமுன் அடுப்பைத் தணிக்கிற மாதிரி, பதற்றமில்லாமல் அதைச் செய்தாள்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றான் கணவன், காலால் தாளம் போட்டபடி.

பாட்டு போட்ட பிறகுதான் அப்பா கை நீட்டுவார். அலறல் வெளியே கேட்கக் கூடாது. முகத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. பெயிண்ட்டில் கீறல் விழாத கை. பழைய கேசட்டுகள் இருந்த காலத்தில் இரண்டு வேகப் பாட்டுக்கு அப்புறம் ஒரு மெதுவான பாட்டு வரும். அந்தப் பாட்டுக்கு அவரால் அடிக்க முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். அம்மா அதற்குள் எழுந்து, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். இந்தத் தொகுப்பு வீட்டுக்கு வந்த அன்று மெதுவான பாட்டு வரும் வரும் என்று அம்மா தரையில் கிடந்து காத்திருந்தாள். வரவேயில்லை. விலா எலும்பு இரண்டு முறிந்தது அன்றைக்குத்தான். மாடிப்படியில் விழுந்ததாக மருத்துவரிடம் சொன்னார்கள்; அவர்கள் குடியிருந்ததோ கீழ்வீட்டில்.

மகள் பெட்டிக்குள் கைவிட்டாள். அப்பாவின் காலை இடித்துக்கொண்டு சுத்தியலை உருவினாள். முதல் அடியில் சிடி பிளேயரின் மூடி பிளந்தது. இரண்டாவதில் பாட்டு இழுபட்டு அறுந்தது. அப்புறமும் நிறுத்தவில்லை. ஸ்பீக்கரின் வலை கிழிந்தது, பிளாஸ்டிக் சில்லுகள் அப்பாவின் சட்டைமேல் தெறித்தன.

"பெத்த அப்பன் கிடக்கான், பைத்தியமாடி உனக்கு?" ஃபோர்மேன் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, மறு கையை ஓங்கினார். கணவன் பாய்ந்து அவர் கழுத்துச் சட்டையைப் பற்றிச் சுவரோடு சாய்த்தான். இருவருமாகப் பெட்டியில் இடித்தார்கள். அப்பாவின் தலை ஒரு பக்கம் சரிந்தது.

"அவள விடுங்க தம்பி."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கண்ணாடி இல்லாத கண்கள் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை. நெற்றியில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அந்த சிடி நல்லாயில்ல தம்பி."

ஃபோர்மேனுக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க?"

"வாங்கிக் குடுத்தத குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. அதுல மெதுவான பாட்டு ஒண்ணுகூட இல்ல. பழைய கேசட்டுல ரெண்டு பாட்டுக்கு ஒண்ணு வரும். அப்ப எந்திரிச்சுப் போயிரலாம்."

"எந்திரிச்சு எங்க போறது?"

"குளியலறைக்கு. அதுலதான் உள்தாழ்ப்பாள் இருக்கு."

மாடிவீட்டு அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். தன் வீட்டுத் தரையை அடியிலிருந்து அன்றைக்குத்தான் பார்ப்பவள் போல. பிறகு தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பெயிண்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தியலை வாங்கினார். பெட்டிக்குள் திரும்ப வைக்கப் போனவர், வைக்காமல், வாசலுக்குப் போய்த் தன் வண்டிப் பெட்டியில் போட்டு மூடினார். ஃபோர்மேன் குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். உடைந்த சிடி விரலைக் கிழித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

வண்டி வந்தது. சரிந்த தலையை யாரோ நேராக்கினார்கள். பெட்டியின் மூடியைத் திருகி முடுக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாமல் அப்பா வாசற்படியைத் தாண்டினார்.

எல்லாம் முடித்துத் திரும்பியதும் மகள் ஃபிரிட்ஜின் மேல் துழாவிக் கண்ணாடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து, அம்மாவின் காதுகளில் தானே மாட்டிவிட்டாள். அம்மா டீயை ஊற்றத் தொடங்கினாள்.

கூடத்தில் யாருடைய போனோ அலறியது. ஏதோ ஒரு வேகமான மெட்டு.

அம்மாவின் கை கண்ணாடிக் காம்புக்குப் போனது. அங்கேயே நின்றது. மகளும் அசையவில்லை. டீயில் ஆவி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது.

போன் ஓய்ந்தது. அம்மா ஒற்றை விரலால் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அடுத்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.